மனப்புண் ஆற்றும் சித்திரமும் உரையாடலும்

காலிலே முள் தைத்தால், தைத்த இடத்தைப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். மனத்திலே தைத்த முள்ளை அவ்வாறு காட்ட முடிவதில்லை. தந்தையை இழந்த சிறுவன் வகுப்பிலே பாடம் கேளாது சாளரத்தைப் பார்த்த வண்ணம் இருக்கிறான். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்கிறார். கணவனைப் பறிகொடுத்த பெண் ஓயாத தலையிடி என்று வைத்தியசாலைக்குப் போகிறாள்; அங்கே வில்லைகளை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இருவரிடமும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை. இத்தகையோருக்கு உரையாடல் எவ்வாறு மருந்தாகிறது, சொல் வராத இடத்திற் சித்திரமும் களிமண்ணும் எவ்வாறு துணை நிற்கின்றன, அம்மருந்தே எப்பொழுது தீங்காகவும் மாறிவிடுகிறது என்பன நேயர்கள் அறிந்திருக்கவேண்டிய செய்திகளாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். திக்குவாய் முதலிய குறைகளைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சை வேறு. மனத்துயருற்றவரோடு பயிற்சி பெற்ற ஒருவர் முறையாக அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் தம்மைத் தாமே விளங்கிக்கொள்ள உதவுவதை இங்கே உரையாடற் சிகிச்சை என்று குறிப்போம். நம் நாட்டிலே அதனை உளவளத்துணை என்றும், யாழ்ப்பாணத்திலே சீர்மியம் என்றும் வழங்குவர்.

இச்சிகிச்சையின் வரலாறு ஒஸ்திரியா நாட்டின் வியன்னா நகரிலே தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டின் பிற்பகுதியில், யோசெப் பிரோயர் என்னும் வைத்தியர் இருபத்தொரு வயதுடைய பெண்ணொருத்திக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோயுற்ற தந்தையை இரவு பகலாகப் பராமரித்து வந்தவள் அவள். அவளுடைய வலக்கை மரத்துப் போயிற்று, பார்வை குழம்பிற்று, ஒரு காலத்தில் தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியே மறந்து ஆங்கிலம் மட்டுமே நாவில் வந்தது. வைத்திய நூல்களில் 'அன்னா ஓ' என்ற புனைபெயரால் அறியப்படும் அப்பெண்ணின் இயற்பெயர் பேர்த்தா பப்பன்ஹைம்.

மாலை வேளைகளிற் பிரோயர் அவள் அருகில் அமர்வார். அவள் கதை சொல்லத் தொடங்குவாள். நோயுற்ற ஒருவரின் அருகே கவலையுடன் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை ஒருத்தி பெரும்பாலும் அக்கதைகளில் வருவாள். அவை டென்மார்க்கு நாட்டு எழுத்தாளர் அண்டர்சனின் சிறுவர் கதைகளை ஒத்திருந்தன என்று பிரோயர் குறித்து வைத்தார். கதை முடிந்தபின் அவள் மனம் தெளிந்து அமைதி கொள்வாள். கதை சொல்லாத நாளின் மறுநாள் மிகவும் வருந்துவாள். அவளே இம்முறைக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் வைத்தாள். ஒன்று பேச்சினாலாகும் குணம் என்பது. மற்றொன்று, வேடிக்கையாக, புகைபோக்கியைத் துடைத்தல் என்பது.

ஒரு கோடைகாலத்தில் அவளால் தண்ணீர் அருந்த முடியாமற் போயிற்று. குவளையை உதட்டருகே கொண்டுபோனவுடன் அருவருத்துத் தள்ளிவிடுவாள். ஆறு வாரங்கள் வரை பழங்களைத் தின்றே தாகம் தணித்தாள். ஒருநாள் அறிதுயில் நிலையிலே, தன் ஆங்கிலத் தோழியின் நாய் குவளையிலிருந்து நீர் குடித்ததைத் தான் கண்டதையும், மரியாதை கருதி அப்போது ஒன்றும் சொல்லாது விட்டதையும் வெறுப்போடு சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு, தாராளமாக அருந்தினாள். இந்நிகழ்ச்சியைப் பிரோயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே காணலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். பேர்த்தா அச்சிகிச்சையினால் முற்றாகக் குணமடைந்துவிடவில்லை. 1882ஆம் ஆண்டிற் பிரோயரின் சிகிச்சை முடிந்தபின் அவள் சுவிற்சர்லாந்தின் குறொய்ஸ்லிங்கன் என்னுமிடத்து மனநோய் நிலையமொன்றில் தங்கவேண்டியிருந்தது என்பதைப் பிற்கால ஆய்வாளர் பழைய ஏடுகளிலிருந்து வெளிப்படுத்தினர். குணம் வர ஆண்டுகள் சென்றன. பின்னர் அவர் சிறுவர் கதைகள் எழுதினார். அநாதைப் பெண்பிள்ளைகளுக்குத் தாய் போலானார். 1904இல் ஜேர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி அதன் தலைவியாக விளங்கினார். ஆதரவற்ற பெண்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் 1907இல் ஓர் இல்லம் அமைத்தார். 1936இல் மறைந்த அவ்வம்மையாரின் உருவத்தை 1954இல் மேற்கு ஜேர்மனி ஒரு தபால் முத்திரையிற் பொறித்துச் சிறப்பித்தது. சில மாலைப் பொழுதுகளின் பேச்சு அவரை மீட்டுவிட்டது என்று எழுதிய பழைய நூல்களை விட, இந்த நீண்ட பாதையே நம்பத்தக்கது. உலகின் முதல் உரையாடற் சிகிச்சை ஒரு பெண் கட்டிய கற்பனைக் கதையாகத் தொடங்கியது என்பதும் இங்கே கருதத்தக்கது. தன் துயரைத் தன் துயரென்று சொல்ல முடியாதவள், அதனைக் கதையிலே வரும் வேறொருத்தியின் துயராகச் சொன்னாள். கலையும் பேச்சும் அன்று ஒரே நாவில் இருந்தன.

அவை இரண்டும் பின்னர் வேறு வேறு வழியிற் சென்றன. கலையின் வழியைக் காணவேண்டுமாயின் இங்கிலாந்திற்குச் செல்லவேண்டும்.

ஏட்ரியன் ஹில் என்பவர் ஓர் ஓவியர். முதல் உலகப் போரின்போது போர்க்களத்தைச் சித்திரமாக்கும் பணியிற் பிரித்தானியப் போர் நூதனசாலையினால் அமர்த்தப்பட்டவர். 1938ஆம் ஆண்டில் அவருக்குக் கசநோய் கண்டது. மிட்ஹேர்ஸ்ற் என்னும் ஊரில் உள்ள ஏழாம் எட்வேட் மன்னர் சானற்றோரியத்தில் அவரைச் சேர்த்தார்கள். அக்காலத்திற் கசநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் இல்லை. தூய காற்றும் நல்லுணவும் மாதக்கணக்கான படுக்கையுமே சிகிச்சை. படுத்துக் கிடப்பவருக்கு நோயைவிட நேரமே பெரும் பகையாகிவிடும். ஹில் படுக்கையிலிருந்தபடியே கண்ணிற்பட்ட எளிய பொருள்களைப் பென்சிலால் வரையலானார். வரைகின்ற நேரத்தில் மனக்கலக்கம் தணிவதை உணர்ந்தார். அடுத்த ஆண்டு மற்றைய நோயாளருக்கும் இதனைக் கற்பிக்க வாய்ப்புக் கிடைத்தது. போரிலே காயமுற்று வந்த வீரர்களும் அவரிடம் வந்தார்கள். பழங்களையும் பூக்களையும் வரைவார்கள் என்று எண்ணிய இடத்தில், அவர்கள் தாம் கண்ட கொடுமைகளையும் தம் அச்சத்தையும் தாளிலே இறக்கினார்கள். 1942ஆம் ஆண்டில் ஹில் இம்முறைக்குக் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டார். 1945இல் அதுபற்றி நூலொன்றும் எழுதினார்.

1946ஆம் ஆண்டில், எட்வேட் அடம்சன் என்னும் மற்றோர் ஓவியர் சறே பகுதியிலுள்ள நெதேர்ண் மனநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அவர் அங்கே சென்ற காலத்தில், ஒரு நோயாளி அவரிடம் மலசலகூடத்திற் பயன்படும் தாள்கள் சிலவற்றைக் கொடுத்தார். எரிந்த தீக்குச்சியின் கரியால் அத்தாள்களிலே மனித முகங்களும் விலங்குகளும் நெருக்கமாக வரையப்பட்டிருந்தன. வரைவதற்கு எதுவும் வழங்கப்படாத இடத்திலும் ஒரு மனிதன் வரைந்திருக்கிறான்!

மூளையில் அறுவை செய்யும் லூக்கோட்டமி சிகிச்சையும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் மனநோய் வைத்தியசாலைகளிற் பரவலாகக் கையாளப்பட்ட காலம் அது. நோயாளியைக் கேட்பார் குறைவு. அங்கே அடம்சன் ஒரு சித்திரக்கூடம் அமைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு சட்டம், வண்ணங்கள், தாள் ஆகியன இருந்தன. இன்னதை வரைக என்று அவர் சொன்னதில்லை. வரைந்ததைப் பார்த்து, இதன் கருத்து இதுதான் என்று பொருள் கூறியதுமில்லை. கூடத்திலே அமைதியாக இருந்து, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். வைத்தியர்களின் ஆராய்ச்சிக்கெனத் தொடங்கிய ஏற்பாடு அது. நோயாளருக்கோ மனிதராய் மதிக்கப்பட்ட ஓர் இடமாயிற்று. 1981ஆம் ஆண்டு வரை அடம்சன் அப்பணியில் இருந்தார். அங்கு உருவான படைப்புகளில் ஏறத்தாழ 6,000 இன்று இலண்டனிலுள்ள வெல்கம் தொகுப்பிற் பேணப்படுகின்றன.

பொருள் கூறாமை என்பது எளிதாகத் தோன்றும். பாடசாலைகளிலே நிகழ்வதைப் பார்த்தால் அது எத்துணை அரிது என்பது விளங்கும். பிள்ளை கறுப்பு வண்ணத்தால் வீடொன்றை வரைந்தால், வீட்டுக்குக் கறுப்பு அடிக்கலாமா என்று கேட்கிறோம். மரம் மனிதனைவிடச் சிறிதாயிருந்தாற் சிவப்பு மையினால் வட்டமிடுகிறோம். பரீட்சை அண்மித்ததும் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். மற்றொரு வகையாரும் உளர். இரண்டு நாட் கருத்தரங்குக்குப் போய் வந்து, கறுப்பு வீடு என்றாற் பிள்ளைக்கு மனநோய் என்று தீர்ப்புக் கூறுபவர் அவர். வீட்டில் அன்று கறுப்புப் பென்சில் மட்டுமே இருந்திருக்கலாம். நிறத்துக்கு இன்ன பொருள், உருவத்துக்கு இன்ன பொருள் என்று அகராதி எழுதி வைத்துக்கொள்ள இயலாது.

சித்திரம் வரைதலே மருந்தா, வரைந்ததைப் பற்றிப் பேசுவது மருந்தா என்ற வினா அமெரிக்காவில் எழுந்தது. இருவர் இரண்டு விடை தந்தனர். நியூயோர்க்கிலே உளமருத்துவ நிலையமொன்றில் 1940களில் ஆய்வு நடத்திய மாகிறற் நோம்பேக் அம்மையார், மனத்தின் அடியில் உள்ளவை முதலிற் படிமங்களாகவே மேலே வருகின்றன என்றும், அப்படிமத்தை வரைந்தவர் தாமே அதனைப் பற்றிப் பேசும்போது தெளிவு பிறக்கிறது என்றும் கொண்டார். அவருக்குச் சித்திரம் பேச்சுக்கு ஒரு வாயில். ஈடித் கிறேமர் அம்மையாரோ, நியூயோர்க் மாநிலத்தில் விளற்விக் என்னும் சிறுவர் பாடசாலையில் 1950களிற் பணியாற்றியவர். முரட்டுத்தனம் மிக்க சிறுவர்கள் அவரிடம் வந்தனர். உடைக்கும் கை ஒரு களிமண் உருவத்தைச் செய்து முடிக்குமாயின், அந்தச் செய்கையே மனத்தை ஒழுங்குபடுத்துகிறது. அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து.

கிறேமர் இதனை ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. வியன்னாவிற் பிறந்த அவருக்கு இளமையிற் சித்திரம் கற்பித்தவர் பிறீடில் டிக்கர் பிறாண்டைஸ் என்னும் யூத ஓவியர். 1930களிற் பிறாக் நகரில், நாசிகளுக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளின் பிள்ளைகளுக்குப் பிறீடில் சித்திரம் கற்பித்தபோது கிறேமர் உடனிருந்து உதவினார். 1938இற் கிறேமர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். பிறீடில் ஐரோப்பாவிலேயே தங்கினார். 1942ஆம் ஆண்டு திசம்பரில் அவரையும் கணவரையும் பொஹீமியாவிலுள்ள தெரேசின் முகாமுக்குக் கொண்டு சென்றனர். எடுத்துச் செல்லக்கூடிய பொதியின் நிறைக்கு வரம்பு இருந்தது. அவர் அதிலே தாள்களையும் வண்ணங்களையும் நிறைத்துக்கொண்டு போனார்.

பசியும் நோயும் மலிந்த அம்முகாமிற் பிறீடில் சிறுவர்களைக் கூட்டிச் சித்திரம் கற்பித்தார். தாள் தீர்ந்தபோது பழைய அலுவலகப் படிவங்களின் மறுபக்கத்தில் வரைந்தனர். சிலர் முகாமின் மூன்றடுக்குக் கட்டில்களை வரைந்தனர். பலர் தாம் விட்டுவந்த வீட்டையும், பூக்களையும், வண்ணத்துப்பூச்சியையும் வரைந்தனர். ஒவ்வொருவரும் தம் சித்திரத்திலே தம் பெயரை எழுதவேண்டும் என்று பிறீடில் கூறினார். ஆளுக்கோர் இலக்கமிட்டு அனுப்பும் இடத்தில் அவர் பெயரைக் கேட்டார். 1944ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கணவர் வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டதும், அவரைத் தொடர்ந்து செல்லத் தாமாகவே பெயர் கொடுத்தார். ஒற்றோபர் 9ஆம் நாள் அவுஸ்விற்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். கணவர் உயிர் பிழைத்தார். பிறீடில் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இருந்தன. போர் முடிந்தபின் அவை பிறாக் நகருக்குச் சென்றன. அங்குள்ள யூத நூதனசாலை அவற்றைக் காத்து வருகிறது. அவற்றை வரைந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. சித்திரம் எவரையும் அக்கொலையிலிருந்து காப்பாற்றவில்லை. வரைந்திருந்த அந்த ஒரு மணி நேரம் அவர்கள் பிள்ளைகளாய் இருந்தார்கள் என்பதற்கு மேல் எதுவும் கூறுவது பொருந்தாது.

இனி, இவ்விரண்டும் மனத்திலே எவ்வாறு வேலை செய்கின்றன என்று பார்ப்போம். சாதாரண நிகழ்ச்சியொன்றை நாம் நினைவுகூரும்போது அதற்கு முதல், இடை, கடை உண்டு. பேரச்சம் தந்த நிகழ்ச்சியோ அவ்வாறு பதிவதில்லை. ஓர் ஓசை, ஒரு மணம், ஒரு நிறம் என்று துண்டு துண்டாகக் கிடக்கும். வானத்திலே விமானம் இரைந்தால், பல்லாண்டு கழிந்த பின்னும் உடல் நடுங்கும். அது பழையது என்பதை உடல் அறியாது. இதனை உளநூலார் உளநெருக்கீட்டின் பின்விளைவு என்பர். இத்தகையோர் எண்மருக்குத் தம் துயர நிகழ்ச்சியை மீளக் கேட்பித்து அமெரிக்காவில் மூளையைப் படமெடுத்த ஓர் ஆய்வு 1996இல் வெளிவந்தது. அவ்வேளையில் அச்சத்தோடும் காட்சியோடும் தொடர்புடைய பகுதிகள் கிளர்ந்தெழ, பேச்சை ஆக்கும் பகுதி தளர்ந்திருந்தது. எண்மர் என்பது மிகச் சிறிய தொகையே. ஆயினும், வாயடைத்துப் போயிற்று என்று நம்மவர் சொல்வது வெறும் அலங்காரமன்று என எண்ண இடமுண்டு.

சொல் வராத அவ்விடத்திற் கைக்கு வேலை உண்டு. தாளுக்கு நான்கு ஓரங்கள் இருக்கின்றன. மனத்திலே எல்லையின்றிப் பரந்து கிடந்த பயம் அந்நான்கு ஓரங்களுக்குள் வந்து அடங்குகிறது. உள்ளே இருந்தது வெளியே, ஒரு முழத் தூரத்தில், மேசைமேல் இருக்கிறது. எந்த வண்ணம், எங்கே தொடங்குவது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை வரைபவரே தீர்மானிக்கிறார். பேரிடரின்போது அவர் எதையும் தீர்மானிக்க முடியவில்லை என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். வேண்டாமென்றால் தாளை மடித்து வைக்கலாம்; கிழித்தும் விடலாம். களிமண்ணோ இன்னும் எளிது. பிசைந்தால் மறுபடியும் மண்தான்.

அமெரிக்காவின் திறெக்சல் பல்கலைக்கழகத்தினர் வயதுவந்தோர் 39 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. நாற்பத்தைந்து நிமிடங்கள் களிமண், வண்ணம், ஒட்டுச் சித்திரம் ஆகியவற்றில் ஈடுபட்டபின், ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினருக்கு உமிழ்நீரிற் கோட்டிசோல் என்னும் நெருக்கீட்டுச் சுரப்பின் அளவு குறைந்திருந்தது. முன்பு சித்திரம் பயின்றவர், பயிலாதவர் என்ற வேறுபாடு அதிலே தோன்றவில்லை. எஞ்சிய காற்பங்கினரையும் மறத்தலாகாது. சும்மா அமர்ந்திருந்த வேறொரு குழுவோடு ஒப்பிடாத ஆய்வு என்பதும் அதன் குறை. எனக்குச் சித்திரம் வராதே என்று பின்னிற்போருக்கு அது ஊக்கம் தரும் என்ற அளவிலே கொள்வது தகும்.

சித்திரம் வெளியே வைத்ததைப் பேச்சு வரிசைப்படுத்துகிறது. இது நடந்தது, அதன்பின் இது, இப்பொழுது நான் இங்கே இருக்கிறேன் என்று காலம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இரண்டையும் ஒருங்கே கையாளும் முறையொன்றை ஜேர்மன் நாட்டு உளவியலாளர் வகுத்துள்ளனர். துயருற்றவர் முன்னிலையில் ஒரு கயிறு நீட்டப்படுகிறது. அது அவருடைய வாழ்நாள். பிறப்பிலிருந்து தொடங்கி, மகிழ்ச்சி தந்த நிகழ்ச்சிகளுக்குப் பூக்களையும், துன்பம் தந்தவற்றுக்குக் கற்களையும் அவரே அக்கயிற்றின்மேல் வைக்கிறார். பின்னர் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கல்லை எடுத்து, அதன் கதையை முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துச் சொல்கிறார். கயிறு கற்களோடு முடிவதில்லை. முன்னே இன்னும் நீளமாகக் கிடக்கும்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இலங்கையில் முப்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டபின், வடகீழ்க் கரையோரத்து முகாமொன்றில் இருந்த 31 பிள்ளைகளிடையே இம்முறை ஆராயப்பட்டது. போரையும் அலையையும் ஒருங்கே கண்ட பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்குக் கதை சொல்லும் முறை. மறு பகுதியினருக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். இருசாராருக்கும் தலைக்கு ஆறு சந்திப்புகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள். ஆறு மாதத்தின்பின் முதற் பகுதியினரில் 81 வீதமானோரும், மற்றையோரில் 71 வீதமானோரும் நெருக்கீட்டு நோயினின்று மீண்டிருந்தனர். முறை வெவ்வேறாயிருந்தும் பயன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இரண்டுக்கும் பொதுவாயிருந்தது யாது? தம் மொழியிற் பேசும் ஒருவர், சொன்ன நேரத்துக்கு வந்து, தமக்காகவே ஆறுமுறை அமர்ந்தமை அன்றோ! ஆய்வு இதனை நிறுவவில்லை. ஆயினும் இவ்வாறு எண்ணத் தோன்றுகிறது.

அவ்வாறு அமராது, அவசரப்பட்டுக் கிளறுவதன் கேடும் அக்காலத்திலேயே தெரியவந்தது. பேரிடர் நடந்த சில நாள்களுள் எல்லோரையும் கூட்டிவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் கூறச் செய்யும் வழக்கம் 1980களிலிருந்து பல நாடுகளிற் பரவியிருந்தது. சொல்லிவிட்டால் ஆறும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. 2002ஆம் ஆண்டிற் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, அது பின்வரும் நோயைத் தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. சில ஆய்வுகளில், அவ்வாறு பேசவைக்கப்பட்டவர் பேசாதவரைவிட நலிந்திருந்ததும் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் அம்முறை வேண்டாமென்றது. அதன் சார்பில் 2011இல் வெளிவந்த உளவியல் முதலுதவிக் கைந்நூல் கூறும் முறை மிக எளியது: நிலைமையைப் பார், அருகிலிருந்து கேள், உணவு, நீர், உறவினர், வைத்தியர் ஆகியவற்றோடு தொடுத்துவிடு. பேச விரும்பாதவரைப் பேசென்று வற்புறுத்தாதே என்பதும் அதிலே உண்டு. சித்திரத்துக்கும் இது பொருந்தும். அலையிற் தாயை இழந்த பிள்ளையிடம், வருகின்ற ஒவ்வொரு குழுவும் ஒரு தாளை நீட்டி, அந்த அலையை வரை என்று சொல்லுமாயின், அது சிகிச்சையன்று; ஆறிய புண்ணைத் திரும்பத் திரும்பப் பிளப்பதாகும்.

நம்முடைய முன்னோர் இவ்வுண்மையை வேறு வகையால் அறிந்திருந்தனர். ஒப்பாரியை எண்ணிப் பார்க்கலாம். ஒருத்தி தன் இழப்பைச் சொல்லி அழுகிறாள். ஆயின் வெறுமனே அழவில்லை. ஓசையும் அடியும் அமைத்து அழுகிறாள். தோளிலே கைபோட்டு வட்டமாக இருக்கும் பெண்கள் அவளோடு சேர்ந்து குரல் கொடுக்கின்றனர். சொல்லும் கலையும் கேட்போரும் அங்கே பிரிக்க முடியாமற் கலந்திருக்கின்றனர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துயருக்குப் படிகளும் அமைத்தனர். போர்க்காலத்தில் உடலம் கிடைக்காதவர்க்கும், காணாமற் போனவர்க்கும் இச்சடங்குகளைச் செய்ய இயலாமற் போயிற்று. இருக்கிறாரோ இல்லையோ என்று அறியாத தாய் ஒப்பாரியும் வைக்க முடியாள். பொட்டைத் துடைக்கவும் துணியாள். இவ்வாறு உறைந்துபோன துயரைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார்.

அத்தகைய காலத்திலே, 1996ஆம் ஆண்டில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் ஓர் இடம் அமைந்தது. அதனை அமைத்தவருள் முதன்மையானோர் இருவர். ஒருவர் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன். மற்றவர் உளவளத்துணையிற் பயிற்சியுடைய இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார். கலையும் உரையாடலும் அங்கே இருவர் உருவில் மீண்டும் ஒன்றுசேர்ந்தன எனலாம். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை வாகனத்திலே அழைத்து வந்தனர். அண்டை ஊர்களாயினும் ஒருவரையொருவர் அஞ்சிய காலம் அது. பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை, மாதக்கணக்காக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், செடிகளையும் பிராணிகளையும் பேணினார்கள், கூத்தாடினார்கள். உடனிருந்தோர் அப்பகுதி இளைஞர்களே. அவர்களிலும் பலர் போரின் வடுவைச் சுமந்தவர்கள். அங்கே பிள்ளையிடம் வந்தவுடன் நடந்ததைச் சொல் என்று கேட்கும் வழக்கமில்லை. விளையாட்டுக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டு, சொல்ல விரும்பும் பிள்ளைக்குக் கேட்பதற்கு ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டனர்.

இவ்வாறான பூங்கா எல்லா ஊரிலும் இல்லை. ஆயினும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை உண்டு. துயருற்ற பிள்ளைக்குத் தாளும் வண்ணமும் கொடுக்கலாம். தலைப்புக் கொடுக்க வேண்டியதில்லை. வரைந்ததற்குப் புள்ளியிடல் வேண்டா. அழகாயிருக்கிறது என்று அவசரப்பட்டுப் புகழவும் வேண்டா. புகழ்ச்சி கேட்ட பிள்ளை அடுத்த முறை நமக்குப் பிடித்ததையே வரையும். இது யார், ஏன் கையில்லை, ஏன் அழுகிறாள் என்று பொலிசார் போல விசாரிப்பது கூடாது. இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா என்று ஒருமுறை கேட்கலாம். இல்லை என்றால், அந்த விடையையும் மதிக்கவேண்டும். பிள்ளையின் சித்திரத்தை அதன் அனுமதியின்றிச் சுவரில் ஒட்டுவதும், வந்த விருந்தினருக்குக் காட்டுவதும், தொலைபேசியிற் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவதும் பெருந் தவறு. ஒருவர் நம்பிச் சொன்ன சொல்லைப் போலவே அதுவும் காக்கப்படவேண்டும்.

பெரியோர்க்கு வண்ணமும் களிமண்ணுமே வேண்டுமென்பதில்லை. பாய் இழைக்கும் கையும் கோலமிடும் கையும் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, அருகிலிருப்பவரிடம் பேச்சுத் தானாக வரும். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கண்ணைப் பாயிலே வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

இவை மருத்துவத்துக்கு மாற்று அல்ல. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் அற்றுப்போனவர், பிறர்க்குக் கேளாத குரல் கேட்பவர், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோரைத் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அரசினர் வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. தேசிய உளநல நிறுவகத்தை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். மருந்து உண்பவரும் வரையலாம், பேசலாம். மருந்தை நிறுத்திவிட்டு வரைவதே தவறு.

பிள்ளையின் சித்திரங்களை இட்டு வைக்க ஒரு பழைய பெட்டி போதும். அதன்மேற் பிள்ளையின் பெயரை அப்பிள்ளையே எழுதட்டும். மாதங்கள் கழிந்தபின் ஒருநாள், அன்று நான் வரைந்ததை எடுத்துத் தாருங்கள் என்று அப்பிள்ளை வந்து கேட்கக் கூடும். அப்பொழுது அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைச் சற்று நிறுத்தி, அருகில் அமர்ந்துகொள்ளலாம்.